ஒரு தையலகத்தின் மாதக் கணக்கு

சித்திரைப் புத்தாண்டு பிறந்ததும் புதுக்கணக்குத் திறக்கும் வழக்கம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. புதிய கொப்பி ஒன்றை வாங்கி, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, முதற்பக்கத்திற் பிள்ளையார் சுழியிட்டு, நல்ல நேரம் பார்த்து முதல் வரியை எழுதுகிறோம். நெல் அளப்போர் முதலாவது அளவையை ‘ஒன்று’ என்று எண்ணாது ‘லாபம்’ என்றே எண்ணுவதும் அதே மரபைச் சேர்ந்ததுதான். ஆனால் சித்திரையிலே மங்களகரமாகத் தொடங்கிய அந்தக் கொப்பியை ஆனி மாதத்தில் எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் பத்துப் பக்கங்களுக்கு மேல் எழுத்தைக் காண முடிவதில்லை. பதினோராம் பக்கத்திற் பிள்ளைகள் படம் வரைந்திருப்பார்கள்.

பெரிய வணிக நிலையங்களைப் பற்றி நான் பேச வரவில்லை. அவற்றுக்குக் கணக்காளர் உண்டு; கணக்காய்வாளர் உண்டு. நம் ஊர்ச் சந்திகளிலே தையலகம், சிகை அலங்கரிப்பு நிலையம், சைக்கிள் திருத்தகம், சலவைச்சாலை என்று ஒருவரோ இருவரோ உழைத்து நடத்தும் சிறு தொழில்களைப் பற்றியே இன்று பேசப் புகுந்தேன். இவர்கள் பொருளை வாங்கி விற்பவர்கள் அல்லர். தம் கைத்திறனை விற்பவர்கள். கைத்திறனுக்கு நிறுவை இல்லை, கையிருப்புப் பட்டியலும் இல்லை. ஆகவே, ‘எங்களுக்கு என்ன பெரிய கணக்கு இருக்கிறது?’ என்று இவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

நானும் ஒரு காலத்தில் அவ்வாறு எண்ணியவனே. கலைப்பட்டதாரியாகிய எனக்கு இலக்கியத்திலும் வரலாற்றிலும் இருந்த ஈடுபாடு எண்களில் இருந்ததில்லை. முன்னொரு பாடசாலையிற் கடமையாற்றியபோது, இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குக் கயிறும் சுண்ணாம்பும் வாங்கிய சிட்டையைத் தொலைத்துவிட்டேன். தொகை 1,250 ரூபாதான். ஓராண்டு கழித்துக் கணக்காய்வு வினாவாக அது திரும்பி வந்தபோது, கயிற்றை எடுத்துக் காட்டினேன். கயிறு சிட்டை ஆகாது என்றார்கள். பணத்தை என் சட்டைப் பையிலிருந்து கட்டினேன். கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு ஏற்பட்டது அன்றிலிருந்துதான்.

இனி விடயத்துக்கு வருவோம். என் பழைய மாணவி ஒருத்தி தையலகம் நடத்துகிறாள். இரண்டு தையல் இயந்திரங்கள், தவணைக்கு வாங்கிய ஓவர்லொக் இயந்திரம் ஒன்று, உதவிக்கு ஓர் இளம்பெண். தீபாவளி ஒக்டோபர் மாதத்திற் பிற்பகுதியில் வந்த ஓர் ஆண்டு, நவம்பர் தொடக்கத்தில் ஒருநாள் மாலை அவள் என்னைத் தேடி வந்தாள். காதிலே தோடு இல்லை. நான் கேட்பதற்கு முன்னமே, “சேர், கைநிறைய வேலை செய்தேன், பெட்டிக்குள்ளே ஒரு சதமும் இல்லை. உதவிக்கு நிற்கிற பிள்ளையை நிற்பாட்டப் போகிறேன். அதுக்குப் பிறகும் சரிவராவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான்” என்றாள்.

“உன்னிடம் எழுத்தில் என்ன இருக்கிறது, பிள்ளை?” என்று கேட்டேன்.

கையிலிருந்த பையைத் திறந்து மேசையிற் கவிழ்த்தாள். அளவு எழுதிய துண்டுகள், நூற்கடைச் சிட்டைகள், மின்சாரப் பட்டியல், வங்கிப் புத்தகம், இயந்திரத் தவணைப் பற்றுச்சீட்டுகள் எல்லாம் ஒரே குவியலாக விழுந்தன. எதையும் அவள் எறிந்திருக்கவில்லை என்பதைக் கண்டு எனக்குப் பெருத்த ஆறுதல். ஞாபகத்திலிருந்து கணக்கெழுதுவது கதை எழுதுவதை ஒக்கும். சிட்டையிலிருந்து எழுதுவதே கணக்கு. இரண்டு சீ.ஆர். கொப்பிகளை எடுத்துக்கொண்டு இருவரும் அமர்ந்தோம்.

முதலாவது கொப்பி காசேடு. இடப்பக்கத்தில் வந்த காசு, வலப்பக்கத்திற் போன காசு. ஒவ்வொரு வரிக்கும் திகதி, விபரம், சிட்டை இலக்கம், தொகை. காசு என்பது பெட்டியில் உள்ளதும் வங்கியில் உள்ளதும் சேர்ந்ததே. வெளிநாட்டிலிருந்து உறவினர் ஒருவர் கலியாணப் பிளவுஸ்களுக்கென வங்கிக்கு அனுப்பும் பணமும் இதில் அடங்கும். போன காசைத் தனித்தனி நிரல்களாகப் பிரித்தோம்: நூல், தெறி, லைனிங் முதலிய பொருள்கள், கடை வாடகை, மின்சாரம், சம்பளம், இயந்திரத் தவணை, சில்லறை. கடைசியாக ஒரு நிரல்: வீட்டுக்கு எடுத்தது. இந்தக் கடைசி நிரலை எழுதத்தான் அவள் தயங்கினாள். தன் கடைப் பெட்டியிலிருந்து தான் எடுத்த காசை ஏன் எழுதவேண்டும் என்பது அவள் கேள்வி. கணக்கு நூலார் விடை தெளிவானது: கணக்கைப் பொறுத்தவரை கடை வேறு, கடைக்காரி வேறு. வீட்டுக்கு எடுத்த காசு கடையின் செலவு அன்று, உரிமையாளரின் எடுப்பனவு. அதை எழுதாவிட்டால் பெட்டி ஏன் வெறுமையாயிற்று என்பதை எவராலும் அறிய முடியாது. பொருள் நிரலுக்குள் அதை ஒளித்து எழுதினால், கடை நட்டத்தில் ஓடுவதாகத் தோன்றும்.

செப்டெம்பர் மாதக் காசேடு இவ்வாறு அமைந்தது. மாதத் தொடக்கத்தில் இருந்த காசு 4,000 ரூபா. அம்மாதத்தில் தைத்துக் கொடுத்த உடைகளுக்கு வந்தது 96,000. தீபாவளிக்குத் தைப்பதற்காக வாங்கிய முற்பணம் 54,000. செலவுப் பக்கத்திற் பொருள்கள் 21,000, வாடகை 12,000, மின்சாரம் 4,500, உதவியாளருக்குக் கையிற் கொடுத்த சம்பளம் 27,600, ஊழியர் சேமலாப நிதிக்கும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் சேர்த்து 6,900, இயந்திரத் தவணை 8,000, சில்லறை 3,000. ஆக, தொழிலுக்குப் போனது 83,000. வீட்டுக்கு எடுத்தது 65,000. மாத முடிவில் 6,000 ரூபா மிஞ்சியது.

ஒக்டோபரில் வந்த காசு 81,000 மட்டுமே. உடைகளுக்கு வந்தது 76,000, புதிய முற்பணம் 5,000. தொழிலுக்குப் போனது 82,000. வீட்டுத் தேவையோ மாறவில்லை; அதே 65,000. பெட்டியில் எஞ்சியது 5,000. மீதி 60,000 ரூபாவுக்காகத்தான் மாத முடிவிலே தோடு அடகுக் கடைக்குப் போயிற்று.

இவ்விரு பக்கங்களையும் பார்த்தவர் எவரும் செப்டெம்பர் நல்ல மாதம், ஒக்டோபர் கெட்ட மாதம் என்றே சொல்வர். அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். உண்மை அதற்கு நேர்மாறானது. அதைக் காட்டியது இரண்டாவது கொப்பி.

இரண்டாவது கொப்பி ஒப்படைப் புத்தகம். ஒவ்வொரு உடைக்கும் ஓர் இலக்கம், வாடிக்கையாளர் பெயர், கூலி, வாங்கிய முற்பணம், கொடுத்த திகதி, வரவேண்டிய மீதி, யார் தைத்தது என்பதற்கு ஓரெழுத்து. அளவுத் துண்டுகளைக் கொண்டு இதை நிரப்ப எங்களுக்கு மூன்று மாலைகள் சென்றன. நிரப்பி முடித்தபோது, ஒக்டோபரிலே தைத்துக் கொடுத்த உடைகளின் கூலி 142,000 ரூபா என்று தெரிந்தது. அதில் 54,000 செப்டெம்பரிலேயே வந்துவிட்டது. 76,000 கைக்கு வந்தது. 12,000 இன்னும் வரவேண்டிய கடன்.

இங்கேதான் சேவைத் தொழிலின் நுட்பம் இருக்கிறது. முற்பணம் வருமானம் அன்று. துணியைத் தந்து 500 ரூபாவை முற்பணமாகக் கொடுத்துச் சென்றவளுக்குத் தையற்காரி அந்த 500 ரூபாவுக்குரிய வேலையைக் கடன்பட்டிருக்கிறாள். வேலையை முடித்து உடையைக் கையிற் கொடுக்கும் அந்நாளில்தான் அது வருமானமாகிறது. அதுவரை அது பிறர் பணம். பெட்டியிற் கிடந்தாலும் பிறர் பணமே. செப்டெம்பரில் அவள் வீட்டுக்கு எடுத்த பணத்திற் பெரும்பகுதி இத்தகைய பணம். ஒக்டோபரில் இரவு பகலாக அவள் தைத்தது, முந்திய மாதத்திலேயே சாப்பிட்டு முடித்த சோற்றுக்கான உழைப்பு.

இரட்டைப் பதிவு முறையில் இது மிக அழகாகத் தெரியும். முற்பணம் வந்த அன்று காசுக் கணக்கை வரவு வைத்து, வாடிக்கையாளர் முற்பணக் கணக்கைச் செலவு வைக்கிறோம். உடையைக் கொடுத்த அன்று முற்பணக் கணக்கை வரவு வைத்து, வருமானக் கணக்கைச் செலவு வைக்கிறோம். வருமானத்தைப் போய்ச் ‘செலவு’ வைப்பதா என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அச்சிரிப்பில் நியாயம் உண்டு. நம் நாட்டுக் கணக்கீட்டுப் பாடநூல்கள் இடப்பக்கத்தை வரவு என்றும் வலப்பக்கத்தைச் செலவு என்றும் வழங்குகின்றன. தமிழகத்து நூல்களோ இடப்பக்கத்தைப் பற்று என்றும் வலப்பக்கத்தை வரவு என்றும் வழங்குகின்றன. ஆக, பாக்கு நீரிணையைக் கடந்ததும் ‘வரவு’ என்னும் ஒரே சொல் பக்கம் மாறி உட்கார்ந்துகொள்கிறது! தமிழாசிரியன் என்ற முறையில் இதைத் தீர்த்துவைக்க எனக்கு ஆசை உண்டு. ஆனால் பரீட்சை எழுதும் பிள்ளைகளைக் குழப்ப விரும்பவில்லை. இச்சொற்களை இடம், வலம் என்பவற்றின் பெயராகக் கொண்டால் மயக்கம் தீரும்.

இம்முறை நேற்று வந்ததன்று. ஜெனோவா நகராட்சியின் 1340 ஆம் ஆண்டுக் கணக்குகளிலேயே இது காணப்படுகிறது. லூக்கா பச்சியோலி என்னும் கணித வல்லுநரான துறவி 1494 இல் வெனிஸ் நகரில் வெளியிட்ட தம் பெருநூலில் இதை விரித்து எழுதினார். வெனிஸ் வணிகரிடையே வழங்கிய முறையை அவர் எடுத்து விளக்கினாரே ஒழியத் தாமே கண்டுபிடித்ததாகக் கூறவில்லை. சந்தித் தையலகம் ஒன்றுக்கு முழுப் பேரேடும் வேண்டும் என்று நான் வற்புறுத்தமாட்டேன். இரண்டு கொப்பிகளும் மாத இறுதியில் இரண்டு மணி நேரமும் போதும்.

அந்த இரண்டு மணி நேரத்திற் செய்யவேண்டியது என்ன? முதலிற் காசேட்டைக் கூட்டி, பெட்டியிலுள்ள காசை எண்ணி, வங்கிக் கூற்றோடு ஒப்பிடவேண்டும். வங்கி அறவிட்ட சிறு கட்டணமோ, நமக்குத் தெரியாமல் வந்து சேர்ந்த பணமோ அப்போதுதான் வெளிப்படும். பின்னர் ஒப்படைப் புத்தகத்திலிருந்து இரண்டு பட்டியல்கள்: நாம் தைத்துக் கொடுக்கவேண்டிய முற்பணங்கள், நமக்கு வரவேண்டிய மீதிகள். தைத்து முடித்தும் எவரும் வந்து எடுக்காமல் அலுமாரியிலே தொங்கும் உடைகளையும் அன்றைக்கே எண்ணவேண்டும். அவளுடைய கடையிற் பதினொன்று தொங்கின. ஒன்று மூன்று ஆண்டுப் பழையது. அதை அணியவேண்டிய பிள்ளை இதற்குள் அடுத்த அளவையும் தாண்டியிருப்பாள். அடுத்ததாக, வாங்கிய பொருளில் எஞ்சியது எவ்வளவு என்று பார்க்கவேண்டும். செப்டெம்பரில் 21,000 ரூபாவுக்குப் பொருள் வாங்கினாளாயினும், 6,000 ரூபாப் பெறுமதியான நூலும் லைனிங்கும் மாத முடிவில் தட்டிலே இருந்தன. எனவே அம்மாதச் செலவு 15,000 மட்டுமே. எஞ்சிய 6,000 ஒக்டோபரைச் சேரும்.

சம்பளத்திலும் கவனம் வேண்டும். உதவியாளரின் மாதச் சம்பளம் 30,000 ரூபா. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில் தருநர் 12 வீதமும் செலுத்தவேண்டும். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்குத் தொழில் தருநர் 3 வீதம் செலுத்தவேண்டும். ஆகவே பிள்ளையின் சம்பளத்திலிருந்து கழிப்பது 2,400; கையிற் கொடுப்பது 27,600. கழித்த 2,400, நம் பங்கு 3,600, நம்பிக்கை நிதிக்கு 900, மொத்தம் 6,900 ரூபா அடுத்த மாதத்திற் செலுத்தப்படுகிறது. சம்பளச் செலவு 27,600 அன்று, 30,000 அன்று, 34,500. ஒருவரோடு மட்டும் தொழில் செய்வோர் சிலர் இதைச் செலுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். அந்த இளம்பெண்ணின் முதுமைக்குரிய பணம் அது. நம் கடையின் சேமிப்பு அன்று. என் மாணவி இதிற் பிழை விட்டிருக்கவில்லை என்பதை மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறேன்.

தவணைப் பணம் 8,000 ரூபாவிலும் வட்டி 1,500 மட்டுமே செலவு. 6,500 கடன் முதலைக் குறைக்கிறது. ஆனால் இயந்திரம் தேய்கிறது. 150,000 ரூபாப் பெறுமதியான இயந்திரங்கள் ஐந்தாண்டு உழைக்கும் என்று கொண்டால், மாதம் 2,500 ரூபா பெறுமானத்தேய்வு. சில்லறைச் செலவுக்கு அரசாங்க அலுவலகங்களில் வழங்கும் கட்டுநிதி முறையைச் சிபாரிசு செய்தேன்: மாதத் தொடக்கத்தில் ஒரு தகரப் பேணியில் 3,500 ரூபா, தேநீருக்கும் முச்சக்கர வண்டிக்கும் எடுக்கும்போதெல்லாம் காசுக்குப் பதிலாகத் துண்டை இடவேண்டும், மாத இறுதியிற் காசும் துண்டும் சேர்ந்து 3,500 ஆகவேண்டும், செலவான அளவுக்கே மீண்டும் நிரப்பவேண்டும்.

இவ்வளவையும் திருத்தி எழுதியபின் கிடைத்த விடையைக் கேளுங்கள். செப்டெம்பர் வருமானம் 96,000; செலவு 73,000; இலாபம் 23,000 ரூபா. ஒக்டோபர் வருமானம் 142,000, செலவு 84,000, இலாபம் 58,000 ரூபா. கை நிறையக் காசு புழங்கிய மாதத்தில் அவள் உழைத்த இலாபம் 23,000. தோட்டைக் கழற்றிய மாதத்தில் உழைத்தது அதனிலும் இரண்டு மடங்குக்கு மேல்.

அவள் நெடுநேரம் பேசாமல் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்பு, “அப்ப அந்தப் பிள்ளை?” என்று கேட்டாள்.

அதற்கும் ஒப்படைப் புத்தகம் விடை வைத்திருந்தது. ஒக்டோபரில் உதவியாளர் தைத்த உடைகளின் கூலி 61,000. சம்பளச் செலவு 34,500, அவ்வுடைகளுக்குச் சென்ற பொருள் ஏறக்குறைய 10,300. கடைக்கு எஞ்சியது 16,000 ரூபாவுக்குச் சற்று மேல். செப்டெம்பரில் அவள் தைத்தது 40,000 ரூபாவுக்கு. அம்மாதம் இலாபமும் இல்லை, சொல்லத்தக்க நட்டமும் இல்லை. மந்தமான மாதங்களில் அவள் சுமையாகவும் கூடும் என்பதை நான் மறைக்கவில்லை. ஆனால் அன்று நிற்பாட்டியிருந்தால், பாடசாலைச் சீருடைகள் குவியும் டிசெம்பர், ஜனவரி மாதங்களில் என் மாணவி ஒற்றைக் கையோடு நின்றிருப்பாள்.

கணக்கு இவ்வளவோடு நின்றிருந்தால் நலம். அது மேலும் ஒன்றைச் சொல்லிற்று. இரண்டு மாத இலாபம் 81,000. வீட்டுக்கு எடுத்தது 130,000. கூடுதலாக எடுத்தது 49,000 ரூபா. முற்பணத்தை மாதம் தோறும் முன்னே தள்ளித் தள்ளி இதை மறைத்துக்கொண்டே போகலாம். ஏதோ ஒரு மாதத்தில் அது வெளிப்பட்டே தீரும். அவளுடைய கணவர் மேசன் தொழிலாளி. அவர் உழைப்பெல்லாம் அரைகுறையாக நிற்கும் வீட்டின் சுவருக்கே போய்க்கொண்டிருந்தது. ‘கடைதான் நன்றாக ஓடுகிறதே’ என்று இருவரும் எண்ணியிருந்தார்கள். மறுநாள் அவரையும் அழைத்து வந்தாள். அவர் கொப்பியை வாங்கி, செங்கல் எண்ணுபவர் போல விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இரண்டாம் தடவையும் பார்த்தார். சுவரைச் சிலகாலம் நிறுத்தி வைப்பது என்றும், கடையிலிருந்து வீட்டுக்கு மாதம் 40,000 ரூபா மட்டும் முதலாந் திகதியில் எடுப்பது என்றும் அவர்களே தீர்மானித்தார்கள். முற்பணங்களுக்கென வங்கியில் வேறொரு சேமிப்புக் கணக்குத் திறந்தாள். உடை கைமாறும் நாளிலேயே அதிலிருந்து அவ்வளவு பணம் கடைக் கணக்குக்கு வருகிறது. லைனிங் வைத்த பிளவுஸின் கூலியை 100 ரூபா உயர்த்தினாள். வாடிக்கையாளர் இருவர் வேறு கடைக்குப் போயினர். ஒருவர் திரும்பி வந்தார்.

தோட்டைப் பற்றிக் கேட்பீர்கள். அதை எவ்வாறு எழுதுவது என்று எங்களுக்குள் ஒரு சிறு விவாதமே நடந்தது. வந்த 60,000 ரூபாவை வருமானப் பக்கத்தில் எழுத அவள் முனைந்தாள். கடனாக வந்த காசு காசேட்டில் ஏறலாம். இலாபக் கணக்கில் ஏறக்கூடாது என்று தடுத்தேன். அதற்கெனக் கொப்பியின் பின்பக்கத்திலே தனியொரு கணக்குத் திறந்தாள். ஒவ்வொரு மாதமும் கட்டிய முதலும் வட்டியும் அங்கே பதியப்பட்டு வருகின்றன. சீருடைக் காலம் முடிந்து, மாசி மாதத்தில் நான் அந்தப் பக்கமாகச் சென்றபோது தையலகத்துள் இரண்டு இயந்திரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. கொப்பியை எடுத்து அவளே என்னிடம் நீட்டினாள். கடைசி வரியில் ‘அடகு, மீதி 25,000’ என்றிருந்தது.